மதார் மைதீன் ஓட்டிய ரயில்

அருப்புக்கோட்டை பஜாரில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த மதார் மைதீனுக்கு மின்சாரத்தைக் கண்டு பயம் கிடையாது. பெட்டியைத் திறந்து போட்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, மறு கையால் உள்ளே துழாவுவார். அவருடைய பயமெல்லாம் மனிதர்களிடம்தான். நாலு பேர் சேர்ந்து நின்று அவரைப் பார்த்தால் உள்ளங்கை வேர்த்துவிடும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நிக்காஹ் அன்று சபையில் சம்மதம் கேட்டபோது அவர் சொன்னது பக்கத்தில் இருந்த ஆலிம்சாவுக்கே கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார்கள். இரண்டாம் தடவை சொல்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

அப்படிப்பட்டவர் பொருட்காட்சியில் போய் நின்றதற்குக் காரணம் ஒரு பொம்மை. பினாங்கில் கடை வைத்திருந்த மச்சான் ஊருக்கு வந்தபோது, பிள்ளைகளுக்கென்று மின்சார ரயில் ஒன்று கொண்டுவந்தார். ஒரு எஞ்சின், சில பெட்டிகள், வளையமாகப் போடத் தண்டவாளம். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் புதுசாக ரயில் வந்திருந்த வருஷம் அது. ஊரே ஸ்டேஷனுக்குப் போய் எஞ்சினைப் பார்த்துவிட்டு வந்தது. மதார் மைதீனும் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு ஒரு மத்தியானம் தனியாகப் போய்ப் பார்த்தார். வந்ததும் கடையின் பின்னறையில் பலகைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

விருதுநகரில் ஏறி தனுஷ்கோடியில் இறங்குகிற மாதிரி முழுப் பாதையையும் செய்வது என்று முடிவு. மண்ணெண்ணெய் டின்னை வெட்டிக் கூடுதல் பெட்டிகள் செய்தார். கரிசல் மண்ணைச் சலித்துப் பசை தடவி ஒட்டினார். திருச்சுழி ஸ்டேஷன் தீப்பெட்டியால் ஆனது. பாம்பன் பாலத்துக்குச் சைக்கிள் கம்பிகளைப் பற்றவைத்தார். நீல வர்ணத்தின் மேல் கண்ணாடியைப் போட்டால் கடல். மைக்செட் வாடகைக்கு விடும் செல்லப்பாண்டி மட்டும்தான் அதைப் பார்க்க அனுமதி பெற்றிருந்தான். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள்.

"ஏலே மைதீனு, இதைப் பூட்டி வச்சு என்ன செய்யப் போற? பள்ளிக்கூடத்துப் பொருட்காட்சியில வைப்போம். நீ ஓட்டு, நான் மைக்குல பேசுறேன்" என்றான் செல்லப்பாண்டி.

மதார் மைதீன் முடியாது என்றுதான் சொல்ல நினைத்தார். அவர் வாயில் பயத்தில் வருகிற சொல் எப்போதும் "சரி"தான்.

முதல் தடவை கேவலமாகப் போயிற்று. பலகைகளைப் பெஞ்சின் மேல் தாழ்வாக வைத்திருந்தார்கள். முன்னால் நின்ற பிள்ளைகள் கையை நீட்டிப் பெட்டிகளைப் பிடித்து இழுத்தன. எஞ்சின் தடம் புரண்டது. அவர் குனிந்து அதைத் தூக்கி வைப்பதற்குள் ஒருவர் "இம்புட்டுத்தானா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் காதில் விழுந்தது. எஞ்சினைக் கையில் பிடித்தபடி அப்படியே கொல்லைப் பக்கம் போய்விட்டார். ரயில் இல்லாத தண்டவாளத்தைக் காட்டிச் செல்லப்பாண்டி மைக்கில் ஏதோ சமாளித்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் மனைவி மீரான் பீவி சோறு போடும்போது சொன்னாள். "நானும் பொம்பளையாளுகளோட வந்திருந்தேன். எட்டி எட்டிப் பாத்தேன். ஒங்க முதுகு தெரிஞ்சுச்சு. ரயிலு தெரியல."

அதில் அவருக்கு வேலை கிடைத்தது. பலகைகளை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக் கால் கொடுத்தார். கை எட்டாத தூரத்தில் கயிறு கட்டினார். மேலேயிருந்து விளக்கு அடித்து, பார்ப்பவர்கள் நிற்கும் இடத்தை இருட்டாக வைத்தார். பெட்டிகளை மாற்றுகிற இடத்தைக் கறுப்புத் துணியால் மறைத்தார். ரயில் துணிக்குப் பின்னால் மறைந்ததுமே பெட்டிகளை மாற்றி மறுபடி விருதுநகரில் கிளப்பிவிட வேண்டும், தண்டவாளம் சும்மா கிடக்கக் கூடாது என்று பழக்கிக்கொண்டார். அவருக்கும் அந்தத் துணி வசதியாகிவிட்டது. பின்னால் நின்று, சிறிய கிழிசல் வழியாகப் பார்த்து ஓட்டுவார். கோயில் கொடையிலும் தர்கா கந்தூரியிலும் வைத்தார்கள். ஜனங்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். அவரை யாரும் பார்க்கவில்லை.

மறுவருஷம் மார்கழியில் புயல் வந்தது. தனுஷ்கோடி அழிந்தது, பாம்பனிலிருந்து போன ரயில் ஆட்களோடு கடலுக்குள் போய்விட்டது என்று பேப்பரில் படித்தபோது, மதார் மைதீன் பின்னறைக்குப் போய்ப் பலகைகளின் மேல் ஒரு ஜமுக்காளத்தைப் போட்டு மூடினார். பிறகு பல வாரம் அந்த அறைக்குள் போகவே அவருக்குப் பயமாக இருந்தது. தான் செய்த பாலத்துக்கும் நடந்ததற்கும் ஏதோ தொடர்பு இருப்பதுபோல மனசு அடித்துக்கொண்டது.

ஜமுக்காளத்தை எடுக்க வைத்தவர் காண்டிராக்டர் வெள்ளத்துரை. கொட்டகை போட்டு ஊர் ஊராகப் பொருட்காட்சி நடத்துகிறவர். சித்திரையில் பாளையம்பட்டிப் பக்கம் கொட்டகை போட்டிருந்தார். ஆள் கடைக்குள் நுழைந்தால் வெளிச்சம் மறையும். கூடவே இரண்டு பேர் நிற்பார்கள், ஒன்றும் பேச மாட்டார்கள்.

"பாய், ஒம்ம ரயிலைப் பத்திக் கேள்விப்பட்டேன். நம்ம கொட்டகையில வையும். ஆனா சும்மா ஓடினா எவன் பாப்பான்? பாலத்துல போகையில புயல் அடிக்கணும். ரயிலு கடல்ல விழணும். விழுறதை ஜனம் கண்ணால பாக்கணும்."

மதார் மைதீன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, நடந்தது பாலத்துல இல்ல. தனுஷ்கோடி கிட்ட, மணல்ல."

"மணல்ல விழுந்தா சத்தம் வருமா? பாலத்துல விழட்டும்" என்றார் வெள்ளத்துரை. பின்னால் நின்ற இருவரில் ஒருவன் மேசைமேல் கிடந்த வால்வு ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"சரி அண்ணாச்சி" என்றார் மதார் மைதீன்.

செய்ய உட்கார்ந்த பிறகு கை தன் வேலையைத் தெரிந்துதான் செய்தது. பாலத்தின் நடுத்துண்டுக்குக் கீல் வைத்து, ஒரு ஆணியை இழுத்தால் அது கவிழும்படி செய்தார். கண்ணாடிக் கடலை எடுத்துவிட்டுத் தகரத் தொட்டியில் நீலம் கலந்த தண்ணீர் ஊற்றினார். மேசைவிசிறி காற்றடித்தது, விளக்கு மங்கி மங்கி எரிந்தது. ஒத்திகையில் டின் பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சரிந்து தண்ணீரில் இறங்கியபோது செல்லப்பாண்டி பீடியை அணைத்தான். இவ்வளவு நிஜமாக வரும் என்று மதார் மைதீன் நினைக்கவில்லை.

கொட்டகை முதல் நாளே நிரம்பியது. துணிக் கிழிசல் வழியாக அவர் முகங்களைப் பார்த்தார். ரயில் விழும்போது சிலர் "ஐயோ" என்றார்கள். சிலர் கை தட்டினார்கள். "இன்னொரு தடவை" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. இத்தனை நாளும் ஜனங்கள் தன்னைப் பார்த்துச் சிரித்துவிடுவார்களோ என்பதுதான் அவர் பயம். இது வேறு மாதிரி இருந்தது. விழுந்த பெட்டிகளைத் தொட்டியிலிருந்து பொறுக்கி எடுத்துத் துடைக்கும்போது, உள்ளே எதுவும் இல்லை என்று ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டார். அப்படி ஏன் செய்கிறார் என்று அவருக்கே விளங்கவில்லை. வீட்டில் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு காட்சி முடிந்து கூட்டம் வெளியேறியது. கயிற்றுக்கு அந்தப் பக்கம், பாலம் இருக்கும் மூலையில், ஒரு பெண் மட்டும் நகரவில்லை. முப்பது வயது இருக்கும். கழுத்து வெறுமையாக இருந்தது.

"வெளிய போங்கம்மா, அடுத்த ஆட்டத்துக்கு ஆள் வருது" என்றான் செல்லப்பாண்டி.

அவள் அவனைப் பார்க்கவில்லை. துணியைப் பார்த்துத்தான் பேசினாள். "உள்ள இருக்கவுககிட்ட ஒண்ணு கேக்கணும்."

மதார் மைதீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவள் போய்விடுவாள் என்று நினைத்தார். அவள் போகவில்லை. அவர் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"ரயிலு பாலத்துலயா விழுந்துச்சு?" என்று கேட்டாள்.

அவர் கயிற்றோரம் வரை வந்து நின்றார்.

"எங்ககிட்ட தனுஷ்கோடி கிட்டன்னுதான் சொன்னாக. நானும் எங்கண்ணனும் அந்த மணல்லதான் போய்த் தேடுனோம். ஒண்ணும் கெடைக்கல. எடம் தெரியாமத் தேடிட்டோமா?"

"நீங்க எந்த ஊரு தாயி?"

"பரளச்சி. எம்பேரு பொன்னுத்தாய். எங்க வீட்டுக்காரரு சிலோனுக்கு ஏத்துற வத்தல் லோடு பின்னால போனாக. அந்த ரயில்லதான் போனாக."

மதார் மைதீன் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். இவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று உடம்பு காத்திருந்தது. பொய் சொல்லித் தப்பித்துவிடலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது.

"பாலத்துல இல்ல தாயி. பாலத்தை நல்லபடியாத் தாண்டிருச்சு. அதுக்கப்புறம் தனுஷ்கோடி கிட்ட, மணல் மேலதான். நீங்க தேடுன எடம் சரிதான். இங்க விழுறது கூட்டத்துக்காகச் செஞ்சது. நாந்தான் செஞ்சேன்."

அவள் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அவுகளுக்கு அந்தப் பாலம்னாலே பயம். ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கிட்டு ஒக்காந்திருப்பாகளாம். தாண்டின பெறகுதான் பக்கத்துல இருக்கவுககிட்டப் பேசுவாகளாம். இங்க அது விழுந்ததும், பயந்துக்கிட்டே போய்ட்டாகளேன்னு எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்ப அன்னைக்கும் தாண்டி, கண்ணைத் தொறந்திருப்பாக."

மதார் மைதீன் தலையை மட்டும் ஆட்டினார்.

"ஒரு தடவ தாண்ட விடுங்க பாய். பாத்துட்டுப் போயிர்றேன்."

அதற்குள் வெள்ளத்துரையின் ஆட்கள் தட்டியைத் திறந்துவிட்டார்கள். அடுத்த கூட்டம் முண்டியடித்து உள்ளே வந்து கயிற்றோரம் நெருக்கியது. பொன்னுத்தாய் மூலையிலேயே ஒதுங்கி நின்றாள். செல்லப்பாண்டி மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மதார் மைதீனைப் பார்த்தான். அவர் துணிக்குப் பின்னால் போகவில்லை. போனால் தன் கை ஆணியை இழுத்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எல்லாரும் தன்னைப் பார்ப்பது உடம்பில் உறைத்தது. மைக்கை நீட்டினான் செல்லப்பாண்டி. அவர் வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, இருந்த குரலில் சொன்னார்.

"இந்த ஆட்டத்துல ரயிலு விழாது. நெசத்துல அது பாலத்துல விழல. தாண்டிப் போச்சு. அதைக் காட்டுறேன்."

பின்வரிசைக்கு அது கேட்டிருக்காது. அவர் துணியை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டிவிட்டு, எல்லாரும் பார்க்க விசையைத் திருப்பினார். விரல் நடுங்கியதில் எஞ்சின் முதலில் குதித்துக் குதித்துக் கிளம்பியது. திருச்சுழி போயிற்று, மானாமதுரை போயிற்று, மண்டபம் வந்தது. வேகத்தைக் குறைத்தார். ரயில் பாலத்தில் ஏறியது. நடுத்துண்டின் கீல் பாரம் தாங்காமல் தானாகக் கவிழ்ந்துவிடுமோ என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. மூன்று நாளாக ஆட்டத்துக்கு ஆட்டம் விழுந்த பாலம் அது. பார்க்க முடியாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டார். சக்கரங்களின் ஓசை மாறி, பலகையில் ஓடுகிற ஓசை வந்த பிறகே திறந்தார். ரயில் அக்கரையில், மணலில் நின்றிருந்தது.

கூட்டம் இன்னும் தொட்டியையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஒருவன் "என்னய்யா ஏமாத்துற" என்றான். "காசைத் திருப்பிக் குடு" என்றான் இன்னொருவன். கடித்துப்போட்ட கரும்புச் சக்கை ஒன்று தொட்டியில் வந்து விழுந்தது. மூலையைத் திரும்பிப் பார்த்தார். பொன்னுத்தாய் போய்விட்டிருந்தாள்.

வெள்ளத்துரை உள்ளே வந்து அவர் சட்டையைக் கழுத்தோடு பிடித்தார். அடி விழப்போகிறது என்று மதார் மைதீன் தோளைக் குறுக்கினார். செல்லப்பாண்டி இடையில் புகுந்து, "அண்ணாச்சி, ஜனம் பாக்குது, விடுங்க" என்றான்.

"நாளைக்கு ரயிலு விழும். இல்லைன்னா பாய் விழுவாரு" என்றார் வெள்ளத்துரை.

இந்தத் தடவை "சரி" என்ற சொல் வரவில்லை. எஞ்சினை மட்டும் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக வெளியேறி, டவுன் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் போகவில்லை. பலகைகள் கொட்டகையிலேயே கிடந்தன.

அதன்பிறகு கடை வாசலில் எந்த வண்டி நின்றாலும் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. கதவைப் பாதி சாத்தி வைத்தே வேலை பார்த்தார். மீரான் பீவி பிள்ளைகளை வெளியே விடவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளத்துரை கொட்டகையைப் பிரித்துக்கொண்டு கமுதிப் பக்கம் போய்விட்டார் என்று செல்லப்பாண்டி வந்து சொன்னான். மைதானத்தில் போட்டுவிட்டுப் போன பலகைகளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். திருச்சுழி ஸ்டேஷனை யாரோ மிதித்திருந்தார்கள். தொட்டியைக் காணோம்.

அவர் மறுபடி செய்து முடிக்கக் கொஞ்ச காலம் பிடித்தது. பாலத்துக்குக் கீல் வைக்கவில்லை. பாலத்துக்கு அந்தப்புறம், மணலில் தண்டவாளத்தைக் கொஞ்ச தூரத்தோடு நிறுத்திவிட்டு, மிச்சத்தை வெறும் மணலாக விட்டார். எழுபதுகளில் சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடப் பொருட்காட்சிகளில் எல்லாம் அந்த ரயில் ஓடியது. இப்போது அவர் முன்னால்தான் நின்றார். பாதி வழியில் ஏன் நிற்கிறது என்று யாராவது கேட்டால், நடந்ததை நடந்த இடத்தில் வைத்துச் சொல்வார். சொல்லும்போது குரல் நடுங்கும். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் கொட்டகைக்குப் பின்புறம் போய் வாந்தி எடுத்துவிட்டு வருவார். மீரான் பீவி அதற்கென்றே கோலி சோடா வாங்கி வைத்திருப்பாள்.

பொன்னுத்தாய் ராஜபாளையத்துக்கு மில் வேலைக்குப் போய்விட்டதாக ஒரு பரளச்சிக்காரர் சொன்னார். அதற்கு மேல் அவர் விசாரிக்கவில்லை.

திருச்சுழியில் ஒரு வருஷம் காட்சிக்கு நடுவில் கரண்ட் போயிற்று. கொட்டகைக்குள் கும்மிருட்டு. பிள்ளைகள் அழ ஆரம்பித்தன, பின்னாலிருந்து தள்ளினார்கள். "எல்லாரும் கயிறைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நில்லுங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. ஜனம் நின்றது. வெளிச்சம் வந்தபோது செல்லப்பாண்டி பக்கத்தில் வந்து, "பயம் போயிருச்சாக்கும்" என்றான்.

மதார் மைதீன் தன் கையைத் தூக்கிக் காட்டினார். அது வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கையாலேயே விசையைத் திருப்பினார். ரயில் கிளம்பியது.