சேச்சியோடு நடந்தவர்

என் கணவர் சோலைமலை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பந்தை உதைத்தவர் இல்லை. ஆனால் ‘ஏலமலை பிரதர்ஸ்’ கால்பந்து அணியின் ரசிகர் மன்றத்துக்கு ஐந்து வருடம் அவர்தான் தலைவர். அவர் இறந்து நாலு மாதம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் நல்ல டிரைவர் என்றார்கள். உண்மைதான். இருபத்தாறு வருடம் போடிமெட்டு வளைவுகளில் ஆளேற்றி ஜீப் ஓட்டியவர், ஒருநாளும் வண்டியைக் கல்லில் உரசியதில்லை. ஆனால் எனக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேறொன்று இருக்கிறது.

விடிகிற நேரத்தில், ஏலக்காய் பறிக்கப் போகிற பெண்களைச் சிலமலை ஊரிலிருந்து ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவார். தோட்டத்தில் இறக்கிவிட்டால், சாயங்காலம் அவர்களைத் திரும்ப ஏற்றும்வரை டிரைவர்களுக்கு வேலை கிடையாது. மற்றவர்கள் சீட்டாடுவார்கள், வண்டியிலேயே தூங்குவார்கள். இவர் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குக் கீழே இருந்த மைதானத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பையன்கள் பந்து விளையாடுவதைப் பானெட்டில் சாய்ந்தபடி பார்ப்பார். பார்த்துப் பார்த்தே ஆட்டம் பிடிபட்டுவிட்டது. “அமுதா, இன்னைக்கு ஒரு பய அடிச்சான் பாரு, பந்து வளைஞ்சுல்ல போச்சு” என்று சோறு தின்னும்போது தட்டில் வளைவு போட்டுக் காட்டுவார்.

அந்தத் தோட்டம் வித்யாவின் குடும்பத்துடையது. மலையில் எல்லாரும் அவரை மலையாளத்தில் அக்கா என்கிற மாதிரி, சேச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஒருவரும் கூட்டாகச் சேர்ந்துதான் அணியை ஆரம்பித்தார்கள். பாதி லயத்துப் பையன்கள், பாதி கீழேயிருக்கும் ஊர்ப் பையன்கள். கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் தெரியாத போடியில் முதல் மேட்சுக்கு ரசிகர்கள் என்று வந்தது பதினொரு பேர். அதில் ஒன்பது பேர் என் கணவரின் ஜீப்பில் வந்தவர்கள். ஐந்தாம் வருடம் மைதானத்து மண்கரை கொள்ளாத கூட்டம். ஒவ்வொரு மேட்சுக்கும் சேச்சி மலையிலிருந்து இறங்கி வருவார். தோற்ற அன்றும் பையன்கள் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை கிளம்ப மாட்டார். போடியிலும் அவர் சேச்சியாகிவிட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை, சேச்சி தன் பங்கை விட்டுவிட்டுப் போகிறார் என்று கூட்டாளியான அந்த வியாபாரி அறிவித்தார். காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாவிட்டால் ஊர் சொல்லும். மலைக்கு அந்தப் பக்கத்து அணியை வாங்கிவிட்டார் என்று மன்றத்து வாட்ஸ்அப்பில் ஒருவன் எழுதினான். சேச்சிக்குக் கடைசியான ஞாயிற்றுக்கிழமை மேட்சே அந்த அணியோடுதான். மன்றத்துப் பையன்கள் கொதித்துப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஜீப் போடிக்குள் நுழைந்தபோது, பஸ் நிலையத்துக்கு எதிரே புது ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தது. ‘கண்ணீர் அஞ்சலி’. நடுவில் சேச்சியின் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, படத்துக்கு மேலே மாலை. ‘மறைவு’ என்று வியாழக்கிழமைத் தேதி. கீழே வரிசையாகக் கூலிங்கிளாஸ் போட்ட பையன்களின் படங்கள். எல்லாவற்றுக்கும் பெரிதாக, கைகூப்பிய நிலையில், தலைவர் சோலைமலை.

அவருக்கு அது எதுவும் தெரியாது. அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

வண்டியை அப்படியே நிறுத்திவிட்டாராம். அடுத்து நடந்ததை அன்று ஜீப்பில் இருந்த மொக்கம்மாள்தான் எனக்குச் சொன்னாள்.

“ஏண்ணே, நிப்பாட்டிட்டீக? சோலிக்கு நேரமாகலையா?”

“ஆத்தா, உன் பையில இருக்குற கத்தியக் கொண்டா.”

பானெட்டில் ஏறி நாலு முனைக் கயிற்றையும் அறுத்திருக்கிறார். டீக்கடையில் நின்றவர்கள் சத்தம் போட்டிருக்கிறார்கள். இவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“கிழிச்சுப்புடாதீகண்ணே, எங்க ஆட்டுக் கொட்டாய்க்கு ஆகும்” என்றிருக்கிறாள் மொக்கம்மாள்.

“ஏத்தா, ஏழு வருசமா உனக்கு வேலை குடுத்தவுக மூஞ்சியவா ஆட்டுக் கொட்டாய்க்குப் போடுவ?”

“சேச்சி மூஞ்சிய உள்பக்கமா மடிச்சுக்கிறேன். ஒங்க மூஞ்சி வெளிய இருக்கட்டும். ஆடு பயப்படும்ல?”

பதினாலு பெண்களும் சிரித்திருக்கிறார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. பேனரை மடித்து சீட்டுக்கடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தாராம்.

அன்று சாயங்காலமே பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் அருண்பாண்டி. பேனர் கடையில் டிசைன் போடுகிறவன். அதைச் செய்தவனும் அவன்தான்.

“மன்றத்துப் பேனர நீங்களே அறுத்தா ஊர்ல எங்கள எவன் மதிப்பான்?”

“உசுரோட இருக்குற பொம்பளைக்கு மாலை போட்டிருக்க. உன்னைய எவன்டா மதிப்பான்?”

“அவுக நம்மள விட்டுட்டுப் போறாகள்ல, அது மட்டும் சரியா?”

“போகட்டுமே. அவுக பங்கு, அவுக இஷ்டம். வந்தப்ப உன்னையக் கேட்டா வந்தாக?” என்றவர், கொஞ்சம் தணிந்து, “நாளைக்கு மலைக்குப் போயி மன்னிப்புக் கேக்கப் போறேன்” என்றார்.

“நாங்க செஞ்சதுக்கு நீங்க எதுக்கு?”

“தலைவர்னு என் மூஞ்சியத்தானடா போட்டிருக்க.”

அருண்பாண்டி எழுந்துவிட்டான். “போனீங்கன்னா நீங்க தலைவர் இல்ல. சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழம எல்லாரும் கறுப்புத் துணி கட்டுறோம். சேச்சி வந்தாகன்னா ஊளைதான்.” வாசல்வரை போனவன் திரும்பி வந்து, நான் கொடுத்த காப்பியை நின்றபடியே குடித்தான். “வர்றேன் மதினி” என்று எனக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த மன்றம் அவருக்கு என்ன என்பது எனக்குத்தான் தெரியும். கல்யாண வீடுகளில் “டிரைவர் அங்கிட்டு உக்காருப்பா” என்று கேட்டுப் பழகியவரை, ‘தலைவரே’ என்று ஒரு கூட்டம் கூப்பிட்டது அங்கே மட்டும்தான். மறுநாள் காலை சட்டை மாட்டும்போது, “போய்த்தான் ஆகணுமா?” என்று கேட்டேன்.

“நீயும் வா. தனியாப் போனா சமாதானம் பேசப் போன மாதிரி இருக்கும். குடும்பமாப் போனாத்தான் மன்னிப்பு.”

சேச்சி ஸ்டோர் வாசலில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளேயிருந்து இரண்டு நாற்காலி எடுத்து வந்து போட்டார். என் கணவர் உட்காரவில்லை.

“சேச்சி, கீழ உங்களுக்கு ஒரு பேனர் கட்டுனாங்க. அதுல என் பேரு இருந்துச்சு. தப்பு நடந்துபோச்சு. மன்னிச்சுக்கங்க.”

செய்தது யார் என்று சொல்லவில்லை. தனக்குத் தெரியாமல் நடந்தது என்றும் சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். என் கையைப் பிடித்து அழுத்தினார்.

“சாரமில்ல, பரவால்ல” என்றார் சேச்சி. சிரிக்கத்தான் பார்த்தார். “அப்பாக்கு யாரோ போன்ல அனுப்பிட்டாங்க. என்னைய முன்னால உக்கார வச்சுக்கிட்டே அந்தப் படத்தப் பாத்து அழறாரு.” பிறகு, “நாளைக்கு நான் வரல. பிள்ளைங்ககிட்ட போன்ல பேசிக்கிறேன்” என்றார்.

“கடைசி மேட்சுக்கு நீங்க வராம இருந்தா, பேனர்ல போட்டதுதான் ஜெயிச்சதா ஆகும் சேச்சி.”

“வந்தா கத்துவாங்கல்ல?”

“கத்துவாங்க. பொய் சொல்ல மாட்டேன். கேட்டுலேர்ந்து நாற்காலி வரைக்கும் நான் கூட நடந்து வர்றேன். கத்துறது என்னையும் சேத்துக் கத்தட்டும்.”

இறங்கும்போது, “ஏன் போறாகன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?” என்றேன். வண்டியை வளைவில் திருப்பிக்கொண்டே சொன்னார். “கேட்டா, காரணம் சரியா இருந்தாத்தான் மன்னிப்புங்கிற மாதிரி ஆயிரும்ல.” காரணம் இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் மைதானத்தில் கேட் ஒரு கோடியில், முதலாளிமார் நாற்காலிகள் மறுகோடியில். நடுவே ரசிகர்கள் உட்காரும் மண்கரை முழுவதையும் கடந்துதான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கரை முழுக்கக் கறுப்புத் துணி. நான் மொக்கம்மாளோடும் ஜீப்புப் பெண்களோடும் முன்வரிசையில் இருந்தேன்.

சேச்சி கேட்டில் நுழைந்தார். என் கணவர் கரைப்பக்கம் நடந்தார், சேச்சி ஆடுகளக் கோட்டுப்பக்கம். எது வந்தாலும் முதலில் இவர்மேல் பட்டுத்தான் போக வேண்டும். ஊளை கிளம்பியது. “துரோகி” என்றார்கள். “என்னண்ணே, தோட்டத்துல பங்கு எழுதி வச்சுட்டாகளா?” என்று ஒருவன் கேட்டான். தண்ணீர்ப் பாக்கெட் ஒன்று பறந்து வந்து அவர் முதுகில் பட்டு உடைந்தது. சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. அவர் நடையை வேகமாக்கவில்லை. கோவிலுக்குப் போகிறவர் மாதிரி, சேச்சியின் நடைக்குத் தக்கபடி நடந்தார்.

அப்போது மொக்கம்மாள் எழுந்து நின்றாள். பக்கத்தில் ஒருத்தி, அப்புறம் ஒருத்தி. பதினாலு பேரும் நின்றுவிட்டார்கள். நானும் நின்றேன்.

“ஏ ஆத்தா, உக்காருங்க, மறைக்குது!” என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

“நீ வாய மூடு, நான் உக்கார்றேன்.”

“டீம் எறங்குது, ஒண்ணுமே தெரியல, உக்காருத்தா!”

“மூடுறா மொதல்ல. அந்தா போறாகளே, அவுக உக்காந்த பெறகுதான் நாங்க உக்காருவோம்.”

எங்கோ ஒருவன் சிரித்துவிட்டான். பிறகு ஊளை ஒவ்வொரு பக்கமாக அடங்கியது. கடைசி நாற்பது அடியை இருவரும் அமைதியில் நடந்தார்கள். சேச்சி உட்கார்ந்ததும் என் கணவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, எங்கள் பக்கம் வந்து, என் அருகில் மண்ணில் உட்கார்ந்தார். முந்தானையால் அவர் முதுகைத் துடைத்துவிட்டேன். அத்தனை பேர் முன்னால் அதுவரை நான் அப்படிச் செய்ததில்லை.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. சேச்சி வழக்கம்போலக் கடைசிப் பையன் சாப்பிடும்வரை இருந்தார். கார் ஏறப் போனபோது வழியில் நின்ற அருண்பாண்டியைப் பார்த்து, “நல்ல போட்டோவாத்தான் தேடி எடுத்திருக்க” என்றார். அவன் மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புத் துணியின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். அவிழவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

மன்றத்துக்கு அருண்பாண்டி தலைவரானான். மூன்று மாதம் கழித்து அவனே வந்து, “பழையபடி நீங்களே இருங்கண்ணே” என்று கூப்பிட்டான். இவர் போகவில்லை. கோபத்தில் இல்லை. ஒவ்வொரு மேட்சுக்கும் என்னையும் அழைத்துக்கொண்டு போய், பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

“தலைவரா இருந்தப்ப கூட்டத்தப் பாத்துக்கிட்டே நின்னேன்” என்பார். “இப்பத்தான் அமுதா, பந்தே தெரியுது.”