சாக்குக்குள் போன செல்வி

அன்று கேட்டி என்ற அமெரிக்க ஊரில் ஓனர் அங்கிளின் வீட்டில் அங்கிள், ஆன்ட்டி, பிறந்தநாள் கொண்டாடிய மகன் அர்ஜுன், அவன் நண்பர்கள், நீச்சல் குளத்தின் குளோரின் நெடிக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் புகையில் நின்று பரோட்டா போட்ட அப்பா, நான், ஏழு வயதுத் தங்கை செல்வி என எல்லாரும் இருந்தோம். அம்மா மட்டும் இல்லை. வேறொருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தாள்.

அங்கிளின் உணவகத்தில்தான் அப்பா சமையல்காரர். அங்கிளுக்குப் பழைய படங்கள் என்றால் உயிர். சினிமா பேசத் தொடங்கிய புதிதில் ஒரு பிரெஞ்சு சாகச நாவலை வைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தை அன்று போட்டார். வசனத்தைவிட 'கரகர'தான் அதிகம். சிறையில் கிடக்கும் நாயகன் பிணத்துக்கான சாக்கில் தான் புகுந்துகொள்ள, காவலர்கள் அதைக் கடலில் வீச, கத்தியால் கிழித்துக்கொண்டு மேலே வருவான்.

படம் முடிந்ததும் அர்ஜுன் தன் ஸ்லீப்பிங் பேகை எடுத்து வந்தான். "செல்விதான் ஃபிட் ஆவா." முதன்முறையாகத் தன்னையும் ஆட்டத்தில் சேர்த்த பெருமையில் அவளே உள்ளே நுழைந்தாள். கையில் கேக் வெட்டிய பிளாஸ்டிக் கத்தியைக் கொடுத்து ஜிப்பை இழுத்துவிட்டார்கள்.

அங்கிள் போனில் படம் பிடித்தார். "ஒன், டூ, த்ரீ! ஹீரோயின் இப்ப வெளிய வருவா பாருங்க!"

பையன்கள் குளத்தில் தூக்கி வீசிய பை முதலில் மிதந்தது, பிறகு தண்ணீர் குடித்து மெல்ல இறங்கியது. "ஆக்டிங் பலமா இருக்கே," என்று ஆன்ட்டி சிரித்தார். நீச்சல் தெரியாத அப்பாதான் ஏப்ரனோடு குதித்து இழுத்து வந்தார். செல்வியின் உதடு நீலமாக இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அங்கிள் அப்பாவின் தோளில் கை போட்டார். "முருகா, பசங்க விளையாட்டு. போலீஸ் கீலீஸ்னு போச்சுன்னா நான் உனக்கு அப்ளை பண்ணியிருக்கிற கிரீன் கார்டு என்னாகும்? யோசிச்சுக்கோ."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் கண்ட முதல் ஆள் நான். டாக்டர் கேட்டதையெல்லாம் அப்பாவுக்குத் தமிழில் சொன்னது நான்தான். பதிலை மட்டும் அவர் என்னிடம் விடவில்லை. கையைச் சறுக்கிக் காட்டி, தானே ஆங்கிலத்தில் சொன்னார்: "ஸ்லிப். பூல். ஸ்லிப்."

"நோ! தே த்ரூ மீ," என்றாள் செல்வி.

"ஷி ஃபியர். டாக்கிங், டாக்கிங்," என்று சிரித்தபடி அவள் தலையைத் தடவினார். அவள் அந்தக் கையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

ஹில்கிராஃப்ட் தெருவில் அங்கிளின் உணவகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. செல்வி வேறு மாநிலத்தில், மில்பிடாஸில் வேலை பார்க்கிறாள். ஞாயிறுதோறும் அம்மாவுக்கு போன் பண்ணுவாள். அப்பா எடுத்தால் வைத்துவிடுவாள். "சிக்னல் இல்ல போல," என்பார் அவர்.

நாலு பேருக்கும் கிரீன் கார்டு வந்தது. அதற்கு நாங்கள் கொடுத்தது ஒரு மகளை.