மறுநாள் தேதி போட்ட சான்றிதழ்

காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டு மனுக்களைச் சலித்தெடுத்து ஓய்வு பெற்றவன் நான். எந்தத் தாளில் எந்தத் தேதி இடித்தால் பணம் தர வேண்டாம் என்பது எனக்கு அத்துப்படி.

சிங்கப்பூரிலிருந்து கப்பல் சுற்றுலாவுக்குப் பதிவு செய்திருந்தோம். கிளம்ப ஒரு வாரம் இருக்கையில், வங்காளத்தில் எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டுக் குளியலறையில் மனைவி வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு கொழுக்கட்டையாக வீங்கியது.

"கீழ் வீட்டு டாக்டர்கிட்ட போலாமே," என்றாள்.

"இரு, இன்னிக்கே கேன்சல் பண்ணினாத்தான் பிடித்தம் கம்மி. கைதானே, காலையில பாத்துக்கலாம்."

கப்பலையும் விமான டிக்கெட்டையும் ரத்து செய்து, பயணக் காப்பீட்டுப் படிவத்தையும் நிரப்பினேன். அவள் ஐஸ் ஒத்தடத்தோடு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை டாக்டர் பார்த்துவிட்டு, எலும்பு முறிவு என்று கட்டுப் போடவைத்தார்.

விமானக் கம்பெனி வரியை மட்டும் திருப்பித் தந்தது. மிச்சத்தைத் தரக் காப்பீட்டுக் கம்பெனி மறுத்தது. பயணம் கூடாது என்று மருத்துவர் சொல்லும் முன்பே நான் ரத்து செய்துவிட்டேனாம். அதே வாசகத்தை நான் எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன்!

மனைவியோடு கீழே இறங்கிப்போய் வங்காள மொழியில் குழைந்தேன். "சான்றிதழ்ல முந்தின நாள் தேதி போட்டுக் கொடுங்க, டாக்டர்பாபு. கை அன்னிக்கே உடைஞ்சாச்சே."

அண்ணன் என்ற பொருளில் என்னை 'தாதா' என்றழைக்கும் அவர் பேனாவை மூடினார். "அன்னிக்குச் சாயந்திரம் முழுக்க நான் வீட்லதான் இருந்தேன், தாதா. ஏன் கூட்டிட்டு வரல?"

மனைவிதான் சொன்னாள்: "விடுங்க டாக்டர், தேதி சரியாத்தான் இருக்கு."

மேல்முறையீடு செய்யவில்லை. விழுந்த அன்று இரவு அவள் தூங்கினாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.