நிறம் பார்த்து வைத்த சூப்

பெண்டாட்டியைப் பட்டினி போட்டான் என்கிற பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்தக் கஞ்சப்பயல் நாள் தவறாமல் மூன்று மாடி இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தைக்கு நடந்து போவான்? ஒரே ஒரு கேரட் வாங்கினான், சரி. இரண்டு தக்காளி வாங்கினான், அதுவும் சரி. கீழ்வீட்டுக்காரி அவன் பையை எட்டிப் பார்த்தாள், அதன் இளைப்பைப் பார்த்தாள், தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அன்றைக்குப் பறித்ததை அன்றைக்கே வாங்கி அன்றைக்கே சமைக்க வேண்டும் என்று அந்த மனுஷன் பிடிவாதமாக நின்றது அவளுக்கு எங்கே தெரியும்? தப்பு செய்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது வேறு தப்பு.

அவன் பெயிண்டர். முப்பது வருஷமாகச் சுவருக்கு வர்ணம் அடிக்கிறவன். ஒரு பழைய சுவரைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்றால், நாலு டப்பாவைத் திறந்து, இதில் ஒரு கரண்டி, அதில் ஒரு சொட்டு என்று கலக்கி, எது பழசு எது புதுசு என்று தெரியாமல் அடித்துக் கொடுப்பான். அவன் சம்சாரம் ஒரு கம்பெனியில் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறவள். வாய்க்காரி. அவள் இரண்டு வார்த்தை பேசினால் பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர் எழுந்து இடம் கொடுப்பார்.

அவளுக்குத்தான் வயிற்றில் ஆபரேஷன் ஆனது. வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகியும் சாப்பாடு இறங்கவில்லை. டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: காய்கறி சூப் வைத்துக் கொடுங்கள், வருகிற திங்கட்கிழமைக்குள் சாப்பிட ஆரம்பிக்கவில்லை என்றால் மறுபடியும் சேர்த்து, மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான். வீட்டுக்கு வந்து அவன் இதைச் சொன்னதும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு நான் திரும்பிப் போக மாட்டேன்" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. அவள் பேசாததுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

அவனுக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதோடு சரி. ஆனால் அவள் வைக்கிற சூப்பை இருபத்தாறு வருஷம் குடித்தவன். எப்படி வைத்தாள் என்பது ஞாபகமில்லை. நிறம் மட்டும் அப்படியே கண்ணில் நின்றது: செங்கல் நிறத்தில் ஒரு சொட்டு மஞ்சள் விட்டது போல, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெளிந்து.

நிறம் தெரிந்தால் போதாதா என்று நினைத்தான். பெயிண்டர் அல்லவா.

சந்தையில் ஒரு தோட்டக்காரி இருந்தாள். ஊருக்கு வெளியே சொந்தத் தோட்டம், முதல் பஸ்ஸில் கூடையோடு வந்து இறங்குவாள். காயில் மண்கூட ஈரம் காயாமல் இருக்கும். அவளிடம் போய், கேரட்டை நகத்தால் கீறிப் பார்ப்பான், தக்காளியை வெயிலுக்கு நேராகப் பிடிப்பான், பீன்ஸை உடைத்து உள்பச்சையைப் பார்ப்பான்.

"அண்ணே, பொண்ணு பாக்க வந்தியா, காய் வாங்க வந்தியா?" என்பாள் அவள்.

வீட்டுக்கு வந்து பொடிப்பொடியாக நறுக்கி அடுப்பில் வைப்பான். கொதி வந்ததும் பச்சை மங்க ஆரம்பிக்கும். மங்கினால் கெட்டுவிட்டது என்று பயந்து உடனே இறக்கிவிடுவான். ஒரு கரண்டி எடுத்து வெள்ளை அட்டையில் தடவி, ஜன்னலில் வைத்துக் காயவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். சிவப்பு பத்தவில்லை என்றால் துருவின பீட்ரூட் ஒரு சிட்டிகை. மஞ்சள் தூக்கலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தக்காளி. வெள்ளிக்கிழமை வந்தபோது ஜன்னலில் ஐந்து அட்டை வரிசையாக நின்றது. அஞ்சாவது அட்டையில் நிறம் அச்சு அசலாகப் பிடிபட்டுவிட்டது.

வாயில் மட்டும் ஒரு நாளும் வைத்துப் பார்க்கவில்லை. பெயிண்டை வாய்ப் பக்கம் கொண்டுபோகாதே என்று தொழில் கற்ற நாளில் மேஸ்திரி கையில் அடித்து அடித்துச் சொன்னது எலும்பில் ஏறிவிட்டது. தவிர, அது அவளுக்கு வைத்தது. அதில் ஒரு வாய் குறைக்க அவனுக்கு மனசு வரவில்லை. தனக்கு பன்னும் டீயும் போதும் என்று இருந்துவிட்டான்.

அந்த அச்சு அசலான சூப்பையும் அவள் இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நகர்த்தினாள்.

"இன்னும் ஒரு வாய்."

"போதுங்க."

திங்கட்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள். சனிக்கிழமை காலையில் மிச்ச சூப்பைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு நேராகத் தோட்டக்காரியிடம் சண்டைக்குப் போனான்.

"உன் காயில சத்தே இல்ல தங்கச்சி. எல்லாம் சரியாத்தான் செய்றேன். அவ தொட மாட்டேங்குறா."

காயைக் குறை சொன்னால் அவள் சும்மா இருப்பாளா? சட்டியைப் பிடுங்கி, மூடியில் ஊற்றி ஒரு வாய் குடித்தாள். குடித்ததைக் கூடைக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"அண்ணே, இத நீ குடிச்சியா?"

"அது அவளுக்கு வெச்சது."

"அதான் கேக்குறேன். குடிச்சியா?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"உப்பு இல்ல. காய் வேகல. பீட்ரூட்டு பச்சையா மண்ணு மாதிரி அடிக்குது. இதக் குடிச்சா நல்லா இருக்கவனே படுத்துக்குவான். இத ஒரு வாரமா அந்தப் பொம்பளைக்கு ஊத்தியிருக்க."

அவன் மூடியை வாங்கி ஒரு வாய் குடித்தான். முகம் கோணிப் போயிற்று. ஆனால் பாருங்கள், அடுத்த நிமிஷம் அந்தக் கோணின முகத்திலேயே ஒரு சிரிப்பு வந்தது. தோட்டக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. வெங்காயத்தை முதலில் வெண்ணெயில் வதக்கணும், விரலால் நசுக்கினால் கேரட் நசுங்கணும், அதுவரை இறக்காதே, அடிக்கடி வாயில் வைத்துப் பார் என்று சொல்லிக்கொண்டே காயைப் பையில் போட்டாள். அவன் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினான்.

"இந்தாம்மா, எழுந்திரு. நாக்க நீட்டு."

"உங்களுக்கு என்ன ஆச்சு?"

"நீட்டேன்."

இரண்டு கல் உப்பை அவள் நாக்கில் வைத்தான். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "கரிக்குது" என்றாள். பிறகு, "எனக்குக் கரிக்குதுங்க" என்றாள் மறுபடியும், மெதுவாக.

"உன் நாக்கு நல்லாத்தான் இருக்கு. சூப்புதான் கேடு."

"ஆபரேஷன்ல நாக்கு செத்துப்போச்சுன்னு நெனச்சேன். இனிமே எதுவும் ருசிக்காது, இவ்வளவுதான் நம்ம கதைன்னு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க அந்த அட்டையக் கையில வெச்சுக்கிட்டுப் பெத்த புள்ளையப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு நின்னீங்க. நான் என்னத்தச் சொல்றது?"

அன்றைக்கு அவன் அட்டையைத் தொடவில்லை. வெங்காயம் வதக்கினான், காயைப் போட்டான், கொதிக்க விட்டான். பச்சை மங்கியது, சிவப்பு மங்கியது, அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அஞ்சு தடவை ருசி பார்த்தான், மூன்று தடவை உப்பு போட்டான். கடைசியில் வந்தது பிரஷ் கழுவின தண்ணீர் நிறம். கிண்ணத்தைக் கொடுக்கும்போது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அவள் ஊதி ஊதிக் குடித்தாள். கிண்ணத்தைச் சாய்த்து அடியில் கிடந்த உருளைக்கிழங்கையும் விடவில்லை.

"இன்னும் இருக்கா?" என்றாள்.

அவன் அடுப்படிக்குப் போய்ச் சட்டியைச் சாய்த்து மிச்சத்தையும் ஊற்றிக்கொண்டு வந்தான்.

திங்கட்கிழமை டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், எடை பார்த்தார், குழாய்ப் பேச்சையே எடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அவள் சூப்போடு ரொட்டியும் சாப்பிட்டாள். கூடவே வாயும் திரும்பி வந்துவிட்டது. மிளகு பத்தல, பீன்ஸ்ல நார் எடுக்கல, அடுப்ப யாரு தொடைப்பா என்று காலையிலிருந்து ஒரே அர்ச்சனை. அவன் வாங்கிக் கட்டிக்கொண்டு சந்தோஷமாக இருந்தான்.

ஒரு நாள் காலையில் அவன் பையை எடுக்கும்போது அவள் கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "நேத்துக் கேரட்டு நடுவுல ஒரே கட்டை."

"நல்லா செக்கச்செவேல்னு இருந்துச்சே."

"நீங்க மூஞ்சியப் பாத்துத்தான் எதையும் வாங்குவீங்க. என் செருப்பு எங்க?"

"மாடிப்படி இருக்கும்மா. இன்னும் ஒரு வாரம் போகட்டும்."

"படி அங்கதான் இருக்கு. நான்தான் இங்கயே இருக்கேன்."

செருப்பைத் தேடி எடுத்து வந்து காலடியில் வைத்தான். அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள், தலையை வாரிக்கொண்டாள், அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். தோளைப் பிடித்துக்கொள் என்று அவன் பக்கத்தில் வந்தான். தேவைப்பட்டால் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினாள்.

"அடுப்ப அணைச்சீங்களா?" என்று படியிலிருந்து குரல் வந்தது.

அவன் திரும்பி உள்ளே போய்ப் பார்த்தான். அணைந்துதான் இருந்தது. வெளியே வந்து கதவைப் பூட்டுவதற்குள் அவள் செருப்புச் சத்தம் ஒரு மாடி கீழே கேட்டது.