என் டோக்கனில் வந்த சம்பளம்

ஆம்பூர் ஷூ கம்பெனியை விட்டு நான் நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது. ஸ்டிச்சிங் லைனில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போய்விட்டதால், வாணியம்பாடியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மாறியிருந்தேன். அப்போதுதான் செல்போனுக்கு மெசேஜ் வந்தது. பழைய கம்பெனியின் சம்பளம் என் அக்கவுண்டில் ஏறியிருக்கிறதாம்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே குஷி. "செட்டில்மெண்ட்டுதான்மே. பையனுக்கு ஃபீஸ் கட்டிடலாம்."

"அதுல கைய வெச்சி பாரு, தெரியும்," என்றேன். கேட்டாலே செருப்பு தேய அலையவிடும் கம்பெனி, கேட்காமல் கொடுக்குமா? வேலையை விட்ட பிறகும் சம்பளம் வாங்கித் தின்றாள் என்று நாளைக்கு யாராவது சொல்லிவிட்டால், ஊரில் எப்படித் தலைகாட்டுவது?

ஆபீசுக்கு போன் போட்டேன். எச்.ஆரில் இருக்கும் தம்பி, "பேங்க் மிஸ்டேக்கா இருக்கும் மேடம். செக் பண்ணிட்டு சொல்றோம்," என்றார். சொல்லவில்லை. மறு மாதமும் பணம் வந்தது. கூடவே செல்போனுக்கு வந்த சம்பளச் சீட்டைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. தொகை என் பழைய சம்பளத்தைவிட ரொம்பக் கம்மி. போதாததற்கு லீவு எடுத்ததற்குப் பிடித்தம் வேறு. நின்றுபோனவளுக்கு எவனாவது லீவு பிடிப்பானா? யாரோ ஒருத்தி நிஜமாகவே வேலை செய்திருக்கிறாள்.

அந்தக் கம்பெனியில் ஒருத்தி நின்றால், அவள் மிஷினையும் டோக்கன் நம்பரையும் புதிதாக வருகிறவளிடம் கொடுத்துவிடுவார்கள். சம்பளம் போடுவதும் அந்த நம்பருக்குத்தான். அக்கவுண்டை மாற்ற மறந்திருக்கிறார்கள்.

கடையில் சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே ஆம்பூருக்கு பஸ் ஏறினேன். ஷிஃப்ட் விட்டிருந்தது. ஆலங்காயம், ஒடுகத்தூர், பள்ளிகொண்டா என்று கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்க, பெண்கள் இடம் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். என் இடத்தில் இப்போது யார் என்று கேட்டதும், என்னோடு லைனில் இருந்த ஒருத்தி ஒடுகத்தூர் பஸ்ஸில் ஏறப்போன சின்னப் பெண்ணைக் காட்டினாள். அவள் கழுத்தில் தொங்கிய அட்டையில் என் நம்பர்.

"ரெண்டு மாசமா உனக்கு சம்பளம் வந்துதா?" என்று கேட்டேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "நீங்க யாருக்கா? ஆபீஸ்ல அனுப்புனாங்களா?"

"ஆபீசும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் சம்பளம் என் அக்கவுண்ட்டுக்கு வந்துட்டு இருக்குது. நீ கேக்கவே இல்லையா?"

"புதுசா சேந்தா மொத மூணு மாசம் குடுக்க மாட்டாங்கன்னு நெனச்சேங்க்கா. கேட்டா நிறுத்திடுவாங்களோன்னு பயம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள்மேலா, கம்பெனிமேலா என்று தெரியவில்லை. அங்கேயே செல்போனில் பணத்தை அனுப்பிவிடப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க்கா. ஆபீசுக்குத் தெரியாம வாங்குனா என்னைத்தான் திருடின்னுவாங்க."

இத்தனை நாள் எனக்கிருந்த பயமும் அதுதான்.

மறுநாள் இருவரும் எச்.ஆர் தம்பி முன்னால் போய் நின்றோம். கம்ப்யூட்டரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஆனால் அதட்டல் என்னவோ அவளுக்குத்தான் விழுந்தது. "நீ ஏம்மா வந்து கேக்கல?"

"நான்தான் போன் பண்ணனே, நீ இன்னா கிழிச்ச?" என்று கத்திவிட்டேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. எனக்கு வரவேண்டிய செட்டில்மெண்ட் பணம் இன்னும் அவர் கையில் இருக்கிறது என்பது கத்திய பிறகுதான் உறைத்தது. இருந்தாலும் நகரவில்லை.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். விஷயத்தைக் கேட்டு, தன் முன்னாலேயே பணத்தை அவள் அக்கவுண்டுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அவள் செல்போனில் மெசேஜ் வந்து விழுந்தது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அப்ப, இந்த மாசமும் குடுப்பாங்களாக்கா?"