பறக்கிற பெருக்கல்

நாங்கள் செய்வது தோட்டத்து மோட்டாருக்கான பெட்டி. தொண்டாமுத்தூர்ப் பக்கம் யானை இறங்கியிருந்தால் யாரும் தோட்டத்துக்குள் போக மாட்டார்கள். வீட்டில் இருந்தபடியே போனில் மோட்டாரைப் போடுவார்கள். வந்த கட்டளை சொந்தக்காரருடையதுதானா என்று பெட்டிக்குள் இருக்கும் சின்ன சிப், மிகப் பெரிய எண்களைப் பெருக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்யும். அந்தப் பெருக்கலைச் செய்யும் லைப்ரரி, அதாவது மற்றவர்கள் தங்கள் புரோகிராமிலிருந்து கூப்பிட்டுப் பயன்படுத்தும் தொகுப்பு, நான் எழுதியது. அதை யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

வேகத்துக்காக அதில் ஒரு நிபந்தனை வைத்திருந்தேன். விடையை எழுதும் இடத்தை, கூப்பிடுகிறவரே தர வேண்டும். பெருக்கும் எண் இருக்கிற இடத்தையே தரக் கூடாது. தந்தால், எண்ணைப் படித்து முடிக்கும் முன்பே அதன்மேல் விடை ஏறி, கணக்கு குட்டிச்சுவராகும். தப்பு என்றுகூடச் சொல்லாது. சோதித்துப் பார்க்க இரண்டு வரி எழுதினால் போதும். அதற்கும் நேரம் ஆகுமே என்று எழுதவில்லை.

எங்கள் குழுவில் கருமத்தம்பட்டிப் பெண் ஒருவர் இருக்கிறார். சேர்ந்த புதிதில் இதே பள்ளத்தில் விழுந்து, விடை தப்பாக வருகிறது என்று என்னிடம் வந்தார். "லைப்ரரிக்கு மேலதான் நிபந்தனை எழுதியிருக்குதுங்களே அம்மணி, படிக்கோணுமில்ல?" என்றேன். "செரிங்க சார்" என்று போய்விட்டார். அப்புறம் யாரும் எதுவும் கேட்டதில்லை. நானாக விசாரித்தால் "பறக்குதுங்க சார்" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

இந்த வருஷம் முதலாளி, இலவசமாகக் கிடைக்கும் வேறொரு லைப்ரரியை மாட்டிவிடலாமா என்று கேட்டார். அது ஒவ்வொன்றையும் சோதித்து, நகலெடுத்து, அசைந்து அசைந்து நடக்கும் ரகம். விடுவேனா? எல்லாரையும் கூட்டிவைத்து, பெட்டியின் புரோகிராமில் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டி ஓடவிட்டு நேரம் பார்த்தேன். இரண்டும் ஒன்றாக முடிந்தன.

யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று கோபம் தலைக்கேறியது. எல்லார் கண் முன்னாலும் புரோகிராமைத் திரையில் திறந்தேன். என் பெருக்கலை யாருமே நேராகக் கூப்பிடவில்லை. நடுவில் தரகர் மாதிரி இன்னொரு குட்டிப் புரோகிராம் உட்கார்ந்திருந்தது. எண்களை வேறு இடத்துக்கு நகலெடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் என்னுடையதைக் கூப்பிட்டது.

"எந்தப் புண்ணியவான் பார்த்த வேலைங்க இது?"

கருமத்தம்பட்டிக்காரர் எழுந்தார். "நானுங்க சார். தப்பு வரக் கூடாதுன்னு செஞ்சுபோட்டேனுங்க. அப்புறம் எல்லாருமே அதையே எடுத்துக்கிட்டாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"ஆசையா செஞ்சு வெச்சிருக்கீங்க. நல்லால்லைன்னு எப்படீங்க சொல்றது?"

அதில் துளி நக்கல் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இல்லை. நானும் இந்த ஊர்க்காரன்தான். விருந்துக்குப் போன வீட்டில் உப்பில்லாத குழம்பை "அருமைங்க" என்று சொல்லி, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கியவன். என் லைப்ரரிக்கு இத்தனை நாளும் கிடைத்தது அதே உபசாரம்தான். உடம்பெல்லாம் கூசியது. முதலாளி என்னைப் பார்க்காமல் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவர்தான் பேசினார். "திருத்திக் குடுங்க. இவங்க நேரா உங்களுதையே கூப்பிட்டா வெச்சுக்கலாமுங்க. இல்லீன்னா மாத்திப்போடலாம்."

திருத்தினேன். இடம் ஒன்றாக இருந்தால் இப்போது அதுவே நகலெடுத்துக்கொள்ளும். வேறாக இருந்தால் நேராக ஓடும். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, சில நாள் பொறுத்து கருமத்தம்பட்டிக்காரர் மேசைக்குப் போனேன்.

"இப்ப எப்படி இருக்குதுங்க?"

"நல்லாருக்குங்க சார். பறக்குதுங்க." முகமெல்லாம் சிரிப்பு.

என் இடத்துக்கு வந்து புரோகிராமைத் திறந்து பார்த்தேன். தரகர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.