மிச்சப் பெயின்டில் மூழ்கிய கப்பல்

எங்கள் வீட்டில் கதவுக்கு வாங்கும் பெயின்டின் கடைசி மிச்சம் எப்போதும் கப்பலுக்குத்தான். அக்கா கல்யாணத்துக்குப் பச்சை. என் கல்யாணத்துக்கு நீலம். இடையில் ஒரு ஓணத்துக்குக் காவி. டப்பாவில் காய்ந்துபோக விடக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். ஒரு முழம்கூட இல்லாத அந்தப் பிளாஸ்டிக் கப்பலை மடியில் வைத்து, "இவளுக்கும் புதுத்துணி வேண்டாமாடே?" என்றபடி பூசுவார். பிரியமாகத்தான் பூசினார். பூசப் பூசக் கப்பல் தடித்தது. வட்ட ஜன்னல்கள் கண்மூடின. நங்கூரச் சங்கிலி ஒரு புழுவாயிற்று.

பழைய பிளாஸ்டிக் மாடல்களின் பெயின்டை உரித்துச் சீராக்குவது என் பொழுதுபோக்கு. யார் யார் வீட்டு விமானங்களையோ உரித்திருக்கிறேன். சொந்த வீட்டுக் கப்பலைத் தொட்டதில்லை. தொட வைத்தது ஒரு போன். சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவந்த சேச்சி கடற்கரையிலிருந்து பேசினாள்.

"மக்கா, அந்தக் கப்பல் உண்டா? கடல் கேறி வீடு போச்சு. எனக்க அண்ணனுக்க படமும் போச்சு. அவன் கையால செஞ்சது இனி அது ஒண்ணாக்கும். ஞாயிறாழ்ச்ச வாறேன். ஒருக்கா பாக்கணும்."

"உண்டு சேச்சி" என்றேன். போனை வைத்தபிறகுதான் உறைத்தது. அவள் கேட்டது அண்ணன் செய்த கப்பலை. எங்களிடம் இருந்தது அப்பா பூசிய கதவு.

எல்லைப் போராட்டம் நடந்த காலத்தில் வந்த கப்பல் அது. எந்த ஊர் தமிழ்ப் பக்கம், எந்த ஊர் மலையாளப் பக்கம் என்று ரோடெல்லாம் கோஷம். ஊர்வலத்தில் போன அப்பா நெய்யாற்றின்கரை லாக்கப்பில். கடைகள் பூட்டிக் கிடந்தன. உதியன்குளங்கரையில் போலீஸ் வண்டி. அந்த ரோட்டில் கூடையும் தலையுமாகச் சேச்சி வருவாள். அப்போது அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. தயங்கி நிற்கும் அம்மாவிடம், "மீனுக்கு எந்தச் சர்க்காரு மைனி? சட்டிய எடுங்க" என்பாள். நாங்கள் பசி அறியாமல் இருந்தது அந்தக் கூடையால். அப்பாவைக் கேட்டு நான் ஓயாமல் அழுததைப் பார்த்துவிட்டு, ஒருநாள் மீனுக்கடியிலிருந்து வாழையிலைப் பொதி ஒன்றை எடுத்தாள். கப்பலில் வேலை பார்த்த அவள் அண்ணன், ஏதோ துறைமுகத்தில் துண்டு துண்டாகப் பெட்டியில் வாங்கி, லீவில் வந்து ஒட்டியது. "அழுத பயலுக்குக் குடு" என்று அவரே கொடுத்தனுப்பினாராம். மறுபடி கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. அழுகை நின்ற நான் எத்தனையோ நாள் அயிலை வாசனையோடு அதைக் கட்டிக்கொண்டு தூங்கினேன்.

இப்போது அதைப் பிளாஸ்டிக் பேசினில் வைத்து உட்கார்ந்தேன். நீலம் கல்லாய் இறுகியிருந்தது. அவசரம் புத்தியைத் தின்றது. கதவுக்குச் செய்வதுபோலத் தின்னரில் துணியை நனைத்துப் பின்பக்கம் ஒரு இழுப்பு இழுத்தேன். பெயின்டோடு பிளாஸ்டிக்கும் இளகித் துணியில் வந்தது.

கப்பலுக்காகவே களியக்காவிளையிலிருந்து வந்திருந்த அக்கா எட்டிப் பார்த்தாள். "எலே, சேச்சிக்குப் பாயசம் வச்சா குடுக்கப் போற?"

தேங்காயெண்ணெயில் வீட்டுச் சோப்பு காய்ச்ச, போன தடவை வந்தபோது அவள் வாங்கி வைத்திருந்த காஸ்டிக் சோடா அலமாரியில் இருந்தது. பெயின்டைக் கழற்றும், பிளாஸ்டிக்கைத் தின்னாது, தெரியும். பழைய ஒட்டுகள் தாங்குமா என்பதுதான் தெரியாது. கையுறை மாட்டி, தண்ணீரில் கரைத்து, கப்பலை உள்ளே விட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் முற்றத்தை அளந்துகொண்டிருந்தேன்.

நீலம் சுருங்கி எழுந்தது. பின் காவி. பச்சை தோல்தோலாக மிதந்தபோது, "எனக்க கல்யாணம் போவுது பாரு" என்றாள் அக்கா. சிரித்தோம். ஊசி கீறும் என்று ஈர்க்கிலைச் சீவி இடுக்குகளைத் துழாவினேன். பாய்மரம் ஒன்று கழன்றது. மற்றதெல்லாம் பிடித்து நின்றது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாய் விழித்தன. கடைசியில் வெறும் சாம்பல் நிறம், சேச்சியின் அண்ணன் விட்ட நிறம்.

முன்பக்கம், நீர்க்கோட்டுக்குக் கீழே, பசை இளக்கிய இடத்தில் ஒரு பெருவிரல் அழுந்தியிருந்தது. ரேகையெல்லாம் தெளிவு, குறுக்கே ஒரு வெட்டுக்கோடு. எங்கள் வேலையில் இது குறை. பழக்கத்தில் நைஸ் உப்புத்தாளை எடுத்துவிட்டேன். பிறகு கீழே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, சேச்சி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கப்பலை வாங்கினாள். இளகிய பின்பக்கத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. திருப்பினாள். கண்ணருகே கொண்டுபோனாள்.

"தூண்டில் நரம்பு அறுத்த விரலாக்கும் இது. நான்தான் துணி கட்டினேன்."

அந்தக் கோட்டின்மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள். கப்பல் இனி உங்களிடம்தான் இருக்க வேண்டும் என்று நான் சொன்னபோது மறுக்கவில்லை. பஸ்ஸில் ஏற்றிவிட்டேன், ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். நாற்பத்தைந்து வருஷத்து நன்றியைச் செலுத்திவிட்ட மிதப்பில் நடந்து வீடு வந்தேன்.

மறுநாள் காலை, வாசலில் ஆட்டோக்காரர் ஒரு பொதியை நீட்டினார். வாழையிலைக்குள் நல்ல பெரிய அயிலை. "சேச்சி தந்தது."

அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்த அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எலே, இனி என்னத்தக் குடுப்பே?"